சந்தா டெல்லியில், சாவி நூலகர் மேசையில்

அரசுக் கல்லூரி ஒன்றின் ஆய்வு மாணவி ஒரு கட்டுரையைத் தேடிப் பிடிக்கிறார். தலைப்பு தெரிகிறது, சுருக்கம் தெரிகிறது. அதற்குக் கீழே, முழுக் கட்டுரையும் வேண்டுமானால் முப்பது நாற்பது டாலர் கட்டச் சொல்லி ஒரு பெட்டி. கணினியை மூடிவிட்டு நெறியாளரிடம் போய், "நம்ம காலேஜ்ல அது வராது சார்" என்கிறார். அந்த இதழுக்கான சந்தாவை, அந்தக் கல்லூரியின் பெயரையும் சேர்த்து, அரசு ஏற்கெனவே கட்டி முடித்திருக்கும். கட்டிய சந்தாவுக்கும் அவர் பார்த்த பெட்டிக்கும் நடுவில் ஐந்தாறு பூட்டுகள் இருக்கின்றன. அநேகமாக எல்லாமே கல்லூரிக்குள் திறக்கக்கூடியவை. அந்தப் பூட்டுகள் எங்கெங்கே விழுகின்றன, எப்படித் திறப்பது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

முதலில் பணக் கணக்கு. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் தந்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள், சுமார் 1.8 கோடிப் பயனர்கள். வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஒரு நிறுவனத்துக்குச் சராசரியாக 32 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு பயனருக்கு 1,100 ரூபாய் சொச்சம். ஐஐடியும் ஊர்ப்புறக் கலைக்கல்லூரியும் ஒரே அளவில் படிக்கப்போவதில்லை என்பதால் இந்தச் சராசரியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் தனியாக நின்றிருந்தால் நான்கு இதழ்கூட வாங்கியிருக்க முடியாத கல்லூரிக்கு 13,000 இதழ்களின் கதவு திறந்திருக்கிறது. சுயநிதிக் கல்லூரிகள் இந்த முதற்கட்டத்தில் இல்லை என்பது பெரிய குறை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கூட்டாகச் சேர்ந்து வாங்கும் யோசனை இந்தியாவில் புதிதல்ல. வானியல் நூலகங்கள் 1981-லேயே 'ஃபோர்சா' என்ற பெயரில் ஒன்றுகூடி, யாரிடம் எந்த இதழ் இருக்கிறது என்று பகிர்ந்துகொள்ளத் தொடங்கின. வானியலுக்குச் சில நூலகங்கள்தான், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அதனால் அங்கே முதலில் நடந்தது. 1988-இல் டெல்லியில் 'டெல்நெட்' என்ற நூலக வலைப்பின்னல். 1991-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) திட்டமாக, நூலகங்களை இணைக்கும் இன்ஃப்லிப்நெட் பிறந்து, 1996-இல் தனி மையமானது. 2003-இல் ஐஐடி போன்ற தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு 'இன்டெஸ்ட்'. அதே ஆண்டு டிசம்பரில் பல்கலைக்கழகங்களுக்கான யுஜிசி-இன்ஃபோநெட் மின்னிதழ்த் திட்டத்தைக் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கிவைத்தார். 2010-இல் கல்லூரிகளுக்கு என்-லிஸ்ட். 2015-இல் இந்தக் கடைசி மூன்றும் 'இ-ஷோத்சிந்து' என்று ஒரே குடைக்குள் வந்தன. இப்போது அதற்கும் மேலே தேசியச் சந்தா. ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும் பழைய ஒப்பந்தத்தில் இருந்த சில உரிமைகள் யார் கண்ணிலும் படாமல் நழுவிவிடுகின்றன. அதையும் பின்னால் சொல்கிறேன்.

பதிப்பகங்கள் ஏன் இதற்கு ஒத்துக்கொள்கின்றன? அச்சிதழ் என்றால் ஒவ்வொரு கூடுதல் பிரதிக்கும் காகிதமும் தபாலும் செலவு. மின்னிதழில் ஆயிரமாவது கல்லூரியைச் சேர்ப்பதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். அத்தோடு ஆயிரம் கல்லூரிகளிடம் தனித்தனியாக வசூலிப்பதைவிட ஒரே இடத்தில் ஒரே காசோலை. நூலகங்களின் பலம் இந்த இரண்டில்தான் இருக்கிறது. பேரம் பேச உட்காருபவருக்கு இது தெரிந்திருந்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

பங்கு பிரிப்பதில் வரும் சண்டை

தேசியச் சந்தாவுக்கு வெளியே இருக்கும் கல்லூரிகள் நான்கைந்து சேர்ந்து சிறு கூட்டமைப்பு அமைப்பதுண்டு. அது உடைவது பெரும்பாலும் பங்கு பிரிக்கும் இடத்தில். ஐந்து பொறியியல் கல்லூரிகள் 40 லட்ச ரூபாய்த் தொகுப்பு ஒன்றை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மாணவர் எண்ணிக்கை முறையே 6,000, 4,000, 3,000, 1,500, 500. ஆக 15,000. "பாதியைச் சமமாகப் பிரிப்போம், பாதியை மாணவர் தலைக்கணக்கில் பிரிப்போம்" என்பது கேட்க நியாயமாக இருக்கும். கணக்குப் போட்டால் பெரிய கல்லூரிக்கு 12 லட்சம், அதாவது மாணவருக்கு 200 ரூபாய். சிறிய கல்லூரிக்கு 4,66,667, அதாவது மாணவருக்கு 933 ரூபாய். இரண்டாம் ஆண்டே அந்தச் சிறிய கல்லூரி விலகும். அது விலகினால் மீதி நால்வரின் பங்கு ஏறும், அடுத்தவர் விலகுவார். சமப்பங்கை 20 சதவீதமாகக் குறைத்தால் பெரியதற்கு 14.4 லட்சம் (மாணவருக்கு 240), சிறியதற்கு 2,66,667 (மாணவருக்கு 533). இப்போதும் சிறியது கூடுதலாகத்தான் கட்டுகிறது, ஆனால் தாங்கும். சமப்பங்கு ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது என் கருத்து.

'இதுவரை அச்சிதழுக்கு எவ்வளவு கட்டினீர்களோ அதையே அடிப்படையாக வைப்போம்' என்று பதிப்பகம் சொன்னால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மேலை நாடுகளில் 1990-களின் பிற்பகுதியில் வந்த பெருந்தொகுப்பு ஒப்பந்தங்கள் பல இப்படித்தான் விலை வைத்தன. இருபது வருடத்துக்கு முன் அதிக இதழ் வாங்கிய நூலகம், அந்தத் துறையே மூடப்பட்ட பிறகும் அதே விலையைக் கட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொரு கண்ணி ஆண்டு உயர்வு. 'ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏற்ற மாட்டோம்' என்ற வரி கண்ணுக்கு இதமாக இருக்கும். விலை டாலரில் இருந்து, ரூபாயும் ஆண்டுக்கு மூன்று சதவீதம் இறங்குகிறது என்று வைத்தால் உண்மையான உயர்வு எட்டு சதவீதத்தைத் தாண்டும். பத்து லட்ச ரூபாய்ச் சந்தா ஐந்தாவது உயர்வின் முடிவில் கிட்டத்தட்ட 15 லட்சம். கல்லூரியின் நூலக ஒதுக்கீடு அந்த வேகத்தில் ஏறாது. விலையை ரூபாயிலேயே மூன்றாண்டுக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். சதவீதத்தை ஒரு புள்ளி குறைத்து வாங்குவதைவிட அது பெரிய லாபம்.

முகவரி என்ற முதல் பூட்டு

சந்தா கட்டிய பின் பதிப்பகத்தின் கணினி உங்களை அடையாளம் காண்பது பெரும்பாலும் ஐபி முகவரியை வைத்து. கல்லூரியிலிருந்து போகும் கோரிக்கை எந்த எண்ணிலிருந்து வருகிறதோ அது அவர்கள் பட்டியலில் இருந்தால் கதவு திறக்கும். இந்தப் பட்டியலில் நடக்கும் பிழைகளுக்கு அளவே இல்லை.

அடிக்கடி நடப்பது, வளாகத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண்ணை எழுதி அனுப்பிவிடுவது. நூலகக் கணினியின் நெட்வொர்க் அமைப்பைத் திறந்தால் 10 என்றோ 192.168 என்றோ தொடங்கும் ஓர் எண் தெரியும். 172.16 முதல் 172.31 வரையும் இந்த வகைதான். இவை உள்முகவரிகள், உலகில் லட்சக்கணக்கான இடங்களில் இதே எண்கள் புழக்கத்தில் இருக்கும். பதிப்பகத்துக்குத் தெரிவது இணைய நிறுவனம் தந்த பொதுமுகவரி மட்டும். அதைக் கண்டுபிடிக்க நூலகம், ஒரு துறையின் ஆய்வகம், விடுதி வைஃபை என மூன்று இடத்திலிருந்து, 'என் ஐபி என்ன' என்று காட்டும் பக்கம் ஏதாவது ஒன்றைத் திறந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் இணைய நிறுவனம் தந்த கடிதத்தில் உள்ள வரம்புக்குள் வர வேண்டும். வரம்பை எழுதும்போது சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணிலும் கவனம் தேவை. 29 என்றால் எட்டு முகவரிகள். அதைத் தவறி 24 என்று எழுதினால் 256 முகவரிகள். பக்கத்துத் தெரு நிறுவனத்துக்கும் சேர்த்துக் கதவைத் திறந்துவிட்டதாக ஆகும், ஒப்பந்தத்தை மீறியதாகவும் ஆகும்.

"காலையில வந்துச்சு மேடம், மத்தியானம் வரல" என்று மாணவர்கள் சொன்னால், கல்லூரியில் இரண்டு இணைய இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தேசிய அறிவு வலைப்பின்னல் ஒன்று, அது படுத்தால் தூக்கிப்பிடிக்க ஒரு பிராட்பேண்ட் என்று இருக்கும். ஒன்றின் முகவரி மட்டும் பட்டியலில் இருந்தால் இந்த மாதிரிதான் விட்டுவிட்டு வரும். இணைப்பு நிறுவனத்தை மாற்றும்போது நூலகரிடம் யாரும் சொல்லாமல் விடுவதும், ஐபி பதிப்பு ஆறுக்கு வளாகம் மாறியபின் பழைய பதிப்பு நான்கு எண்களே பட்டியலில் கிடப்பதும் இதே குடும்பத்து நோய்கள். மாணவர் தன் செல்பேசி டேட்டாவில் தேடிவிட்டு வரவில்லை என்பதும் உண்டு. அங்கே பட்டியல் சரியாகத்தான் இருக்கும், அவர்தான் வளாகத்துக்கு வெளியே நிற்கிறார்.

திறந்திருந்த கதவு திடீரென்று மொத்த வளாகத்துக்கும் அடைபடுவது இன்னொரு வகை. ஒரு மாணவர் ஓர் இதழின் பத்து வருடத் தொகுதிகளையும் டவுன்லோட் மேனேஜர் போட்டு ஒரே மூச்சில் இறக்க முயல்கிறார். பதிப்பகத்தின் காவல் மென்பொருள் அதை இயந்திரத் திருட்டு என்று எடுத்துக்கொண்டு அந்த முகவரியை முடக்குகிறது. வளாகம் முழுவதும் ஒரே பொதுமுகவரியின் பின்னால் இருப்பதால் நாலாயிரம் பேருக்கும் அடைப்பு. இதை அவிழ்க்க, பதிப்பகம் அனுப்பும் கடிதத்தில் உள்ள நாள், நேரத்தை எடுத்துக்கொண்டு கல்லூரி ஃபயர்வாலின் பதிவேட்டில் தேட வேண்டும். அவர்கள் தரும் நேரம் பெரும்பாலும் கிரீன்விச் கணக்கில் இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அதைக் கூட்டாமல் தேடினால் பதிவேட்டில் அப்பாவி ஒருவர்தான் அகப்படுவார். உரியவரைக் கண்டுபிடித்து, என்ன நடந்தது, இனி நடக்காமல் என்ன செய்தோம் என்று நாலு வரியில் எழுதிப் பதிப்பகத்துக்கும் கூட்டமைப்புக்கும் அனுப்பினால் திறந்துவிடுவார்கள். ஃபயர்வால் பதிவேட்டை மூன்று மாதமாவது அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லிக் கணினிப் பிரிவிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். மாணவரைத் தண்டிக்கத் துடிக்க வேண்டாம். எதை எப்படி இறக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வீட்டிலிருந்து படிக்க இன்ஃப்லிப்நெட் நடத்தும் 'இன்ஃபெட்' இருக்கிறது. கல்லூரி தன் பயனர் பட்டியலைத் தானே வைத்திருக்கும். மாணவர் பதிப்பகத் தளத்தில் கல்லூரியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால், அது அவரைக் கல்லூரியின் நுழைவுப் பக்கத்துக்கு அனுப்பும். அங்கே கடவுச்சொல் சரியாக இருந்தால் 'இவர் எங்கள் மாணவர்' என்ற சான்று மட்டும் பதிப்பகத்துக்குப் போகும். கடவுச்சொல் பதிப்பகத்துக்குப் போகாது என்பது இதன் அழகு. இது பழுதாவது இரண்டு சின்னக் காரணங்களால். கல்லூரிச் சர்வரின் கடிகாரம் சில நிமிடம் பிந்திப் போனால் சான்று காலாவதியானதாகக் கருதப்பட்டு நிராகரிக்கப்படும். அந்தச் சர்வரின் மின்சான்றிதழுக்கு ஆயுள் முடிந்தாலும் அப்படியே. பார்த்தால் 'பிழை' என்று ஒற்றை வரிதான் வரும். நூலகர் பதிப்பகத்துக்கு எழுதிக்கொண்டே இருப்பார், சிக்கல் இங்கே இருக்கும். ஜூன் மாதம் படித்து முடித்துப் போனவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதும் நூலகர் வேலைதான். ஒப்பந்தத்தில் 'உரிமையுள்ள பயனர்' என்ற சொல்லுக்குள் முன்னாள் மாணவர்கள் பொதுவாக வருவதில்லை.

இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

கதவு திறந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் பயனில்லை. பதிப்பகம் தரும் இதழ்ப் பட்டியலில் தலைப்பு, அச்சு எண், மின் எண் (அச்சிதழுக்கும் மின்னிதழுக்கும் தனித்தனியாக உள்ள ஐஎஸ்எஸ்என் எண்கள்), எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்ற விவரங்கள் இருக்க வேண்டும். இதற்கு 'கேபார்ட்' என்ற பொது வடிவம் இருக்கிறது; அந்த வடிவத்தில்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். எக்செல்லில் அவர்கள் இஷ்டத்துக்குத் தட்டிய பட்டியல், தேடுபொறியில் ஏற்றும்போது உடையும். தொடக்க ஆண்டைப் பார்க்காமல் 'இந்த இதழ் இருக்கிறது' என்று அறிவிப்பது ஆபத்து. 1997-க்கு முந்தைய தொகுதிகள் பல பதிப்பகங்களில் தனிச் சந்தா. ஜேஸ்டோர் போன்ற சேமிப்பகங்களில் இதற்கு நேர்மாறு. பழையது எல்லாம் இருக்கும், பல இதழ்களின் கடைசி மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் இருக்காது. மாணவருக்கு வேண்டியது அந்தக் கடைசி மூன்று ஆண்டாகத்தான் இருக்கும்.

பயன்பாட்டுக் கணக்குக்கும் ஒரு பொது முறை இருக்கிறது, 'கவுன்டர்' என்பார்கள். அதன் ஐந்தாம் பதிப்பு 2019 முதல் நடப்பில் இருக்கிறது. இதில் இரண்டு எண்களைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. ஒருவர் ஒரே அமர்வில் ஒரு கட்டுரையைத் திரையில் படித்து, பிறகு பிடிஎஃப்பும் இறக்கினால் மொத்தக் கோரிக்கை இரண்டு, தனித்த கோரிக்கை ஒன்று. செலவு கணக்கிடத் தனித்த கோரிக்கையைத்தான் எடுக்க வேண்டும். மொத்தத்தை எடுத்தால் தளத்தின் வடிவமைப்பைப் பொறுத்து எண்ணிக்கை வீங்கும். 3,54,000 ரூபாய்ச் சந்தாவுக்கு 1,180 தனித்த கோரிக்கை என்றால் கட்டுரைக்கு 300 ரூபாய். அதே அறிக்கைக் குடும்பத்தில் 'டிஆர்-ஜே2' என்று ஒன்று உண்டு. எத்தனை பேர் வந்து கதவில் முட்டித் திரும்பினார்கள் என்பதை அது சொல்லும். எனக்கு அதுதான் முதல் அறிக்கை. ஏற்கெனவே சந்தா உள்ள இதழின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால், பெரும்பாலும் மேலே சொன்ன ஆண்டு வரம்பில் உங்கள் மாணவர்கள் முட்டுகிறார்கள் என்று பொருள்.

தேசியச் சந்தாவின் பயன்பாட்டை அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் அவ்வப்போது மதிப்பிடும் என்று அறிவித்திருக்கிறார்கள். மாணவி மூடிவிட்டுப் போன அந்தப் பக்கம், பயன்பாடு குறைவு என்று கணக்கில் விழும். 'கல்லூரிகளுக்கு இது தேவையில்லை போலும்' என்று நாளைக்கு யாராவது முடிவெடுத்தால், அந்தக் கல்லூரிகளில் எத்தனை முகவரிப் பட்டியல் தப்பாக இருந்தது என்று எந்தக் கோப்பும் சொல்லாது. அதனால்தான் இதை இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறேன்.

ஒப்பந்தத் தாள் எங்கே?

சந்தா நின்ற பிறகு, கட்டிய ஆண்டுகளின் இதழ்களைத் தொடர்ந்து படிக்கலாமா? இதை நிரந்தர அணுகல் உரிமை என்பார்கள். அச்சிதழ் என்றால் கேள்வியே இல்லை, தொகுதி அலமாரியில் இருக்கும். மின்னிதழில் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் கிடையாது. கூட்டமைப்பு பெயர் மாறும்போது நழுவும் உரிமை என்று சொன்னது இதைத்தான். தேசியச் சந்தாவில் அந்த இதழ் வந்துவிட்டது என்று கல்லூரி தன் சொந்தச் சந்தாவை நிறுத்துகிறது. பழைய ஒப்பந்தப்படி எட்டு ஆண்டுத் தொகுதிகளுக்கு இருந்த உரிமையைக் கேட்டு வாங்க யாருக்கும் நினைவில்லை. தேசியச் சந்தாவில் அந்தப் பதிப்பகம் நாளை இல்லாமல் போனால் இரண்டும் போய்விடும். இதழ் ஒரு பதிப்பகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும் இதே இழப்பு நடக்கும்.

ஆகவே ஒவ்வொரு இதழுக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்: இதழின் பெயர், மின் எண், கட்டிய ஆண்டுகள், பில் எண், ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவில் நிரந்தர உரிமை இருக்கிறது. பில்லும் ஒப்பந்தமும் கணக்குப் பிரிவில் இருக்கும். தணிக்கை முடிந்ததும் கட்டிப் பரணில் போட்டுவிடுவார்கள். ஒரு நகல் நூலகத்தில் இருக்கட்டும். உரிமை கேட்டு எழுதும் கடிதத்தில் பில் எண்ணும் ஆண்டும் இருந்தால் பதிப்பகம் மறுப்பது கடினம். 'நாங்கள் பல ஆண்டுகள் சந்தா கட்டினோம்' என்று மொட்டையாக எழுதினால் பதில் வராது.

ஒப்பந்தத்தைப் படிக்கும்போது இன்னும் இரண்டு வரிகளைத் தேடுங்கள். நூலகத்துக்கு நேரில் வரும் வெளியாள் அங்கேயே உட்கார்ந்து படிக்கலாமா? வேறு நூலகம் கேட்டால் ஒரு கட்டுரையை அனுப்பலாமா? முதல் வரி இருந்தால் பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியரும் சுயநிதிக் கல்லூரி மாணவரும் உங்கள் நூலகத்தில் வந்து படிக்கலாம். இந்த உரிமை இருந்தும் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடாத நூலகங்கள் ஏராளம். சந்தாவுக்கு வெளியே நிற்கும் மாணவர்களுக்கு இன்றைக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி அந்த ஒரு பலகைதான்.

இரவல் கேட்பதும் கொடுப்பதும்

எல்லாம் இருந்தும் ஒரு கட்டுரை கிடைக்காது; ஒரு நூல் தமிழ்நாட்டிலேயே இரண்டு இடத்தில்தான் இருக்கும். அங்கே பழைய முறைதான் கைகொடுக்கும், ஒரு நூலகம் இன்னொன்றிடம் கேட்பது. டெல்நெட் உறுப்பினர்களுக்கு இதுவே முதன்மைச் சேவை. யுஜிசி-இன்ஃபோநெட் காலத்தில் 22 நூலகங்களைக் கட்டுரை அனுப்பும் மையங்களாகவே அறிவித்திருந்தார்கள்.

கோரிக்கை திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் காரணம், மேற்கோள் தவறாக இருப்பது. மாணவர் ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பிலிருந்து எடுத்து எழுதித் தருவார். அங்கேயே தொகுதி எண் தப்பாக இருக்கும். டிஓஐ எண்ணை (கட்டுரைக்கென்றே உள்ள நிரந்தர அடையாள எண்) வைத்தோ தலைப்பை வைத்தோ ஒரு முறை சரிபார்த்து, ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, தொகுதி, பக்கம் ஆறும் சரியாக இருந்தால்தான் அனுப்ப வேண்டும். கட்டுரை திறந்த அணுகலில் எங்காவது இலவசமாகக் கிடக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். கேட்பது ஆய்வேடு என்றால் கடிதம் எழுதும் முன் 'ஷோத்கங்கா' என்ற ஆய்வேட்டு மின்சேமிப்பகத்தில் தேடிவிடுங்கள். ஆய்வேட்டின் மின்படியைத் தர வேண்டும் என்று 2009 யுஜிசி விதி வந்ததிலிருந்து தமிழகப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அங்கே நிறையச் சேர்ந்திருக்கின்றன. அதற்கு முந்தையவையும் பல பின்னர் ஏற்றப்பட்டுள்ளன.

கொடுக்கும் நூலகம், ஸ்கேன் செய்யும்போது 300 டிபிஐ வைத்தால் போதும். நூலின் நடுமடிப்பில் விழும் நிழல்தான் எழுத்தை விழுங்கும். ஓரம் வெட்டுப்படாமல், அடிக்குறிப்பும் உள்ளே விழும்படி எடுக்க வேண்டும். முதல் பக்கத்தோடு இதழின் அட்டையையோ பொருளடக்கத்தையோ சேர்த்து அனுப்பினால் மேற்கோள் காட்டுபவருக்கு ஆண்டும் எண்ணும் கிடைக்கும். நூலாக அனுப்பினால் தபால் ரசீது எண்ணை அன்றே கேட்ட நூலகத்துக்குச் சொல்லிவிடுங்கள், திருப்ப வேண்டிய தேதியையும் சேர்த்து. காணாமல் போனால் யார் பொறுப்பு என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி முடிவு செய்திருந்தால் உறவு முறியாது. கேட்ட நூலகம்தான் பொறுப்பு என்பது பொது வழக்கம். தன் மாணவரிடம் வசூலிக்கிறதா இல்லையா என்பது அதன் வீட்டு விஷயம்.

பதிப்புரிமை பற்றிய பயம் பலரை முடக்குகிறது. தன் ஆய்வுக்காக ஒருவர் நகல் எடுப்பதை 1957 சட்டத்தின் 52-ஆம் பிரிவு நியாயமான பயன்பாடு என்ற வகையில் ஏற்கிறது. அச்சுப் பிரதியிலிருந்து ஒரு கட்டுரையை ஒரு மாணவருக்கு எடுத்துக் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை. மின்னிதழ் என்றால் ஒப்பந்தத்தில் உள்ள பரிமாற்ற வரியைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

தமிழ் நூல் மட்டும் ஏன் அகப்படுவதில்லை?

13,000 இதழ்கள் வந்தாலும் தமிழ்த்துறை ஆய்வாளருக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். அவருக்கு வேண்டியவை பழைய பதிப்புகள், சிற்றிதழ்கள், மலர்கள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' தளம் என்று நல்ல இடங்கள் இருக்கின்றன. ஆனால் நூற்றுக்கணக்கான கல்லூரி நூலகங்களின் தமிழ்ப் பகுதியில் என்ன இருக்கிறது என்று ஒரே இடத்தில் தேட வேண்டுமென்றால் கூட்டு நூற்பட்டியல் சரியாக இருக்க வேண்டும். பல்கலைக்கழக நூலகங்களுக்கு இன்ஃப்லிப்நெட்டின் 'இண்ட்கேட்' அப்படி ஒன்று. அங்கே தமிழ் நூல் தொலைந்துபோவது எழுத்தில்.

உ.வே.சா.வின் குறுந்தொகை உரைப்பதிப்பு 1937-இல் வந்தது. அதற்கு ஐஎஸ்பிஎன் என்ற சர்வதேச நூல் எண் கிடையாது, அந்த எண்ணே பின்னால் வந்ததுதானே. ஆகவே இரண்டு நூலகங்களிலிருந்து வரும் பதிவுகள் ஒரே நூல் என்று கணினி கண்டுபிடிக்கத் தலைப்பையும் ஆசிரியரையும் ஆண்டையும் தவிர வேறு வழியில்லை. ஒரு நூலகத்தில் 'சாமிநாதையர், உ. வே.', இன்னொன்றில் 'சுவாமிநாத ஐயர்', மூன்றாவதில் ரோமன் எழுத்தில் யாரோ தட்டியது. மூன்று நூல்களாக நிற்கும். பெயருக்குப் பின்னால் 1855-1942 என்று வாழ்நாளைச் சேர்த்து, எல்லோரும் ஒரே வடிவத்தை எடுத்துக்கொண்டால் ஒன்றாகிவிடும். ரோமன் எழுத்து இன்னும் மோசம். நூலகங்களில் பரவலான ஒலிபெயர்ப்பு முறையில் ல, ள, ழ மூன்றுக்கும் 'எல்'தான். புள்ளியும் கோடும் அடியில் இட்டு வேறுபடுத்துவார்கள். தட்டச்சு செய்பவர் புள்ளியையும் கோட்டையும் விட்டுவிட்டால் வாலை, வாளை, வாழை மூன்றும் ஒரே சொல்லாகிவிடும். இன்னொருவர் ழகரத்துக்கு 'இசட் ஹெச்' போடுவார். தேடுபவர் எதை அடிப்பார்?

தமிழிலேயே ஏற்றிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்போம். 2000-த்தையொட்டிய ஆண்டுகளில் ஏற்றிய பதிவுகள் பல பாமினி, டேப், டிஸ்கி போன்ற பழைய எழுத்துருக் குறியீட்டில் கிடக்கின்றன. யூனிகோடாக மாற்றாமல் அனுப்பினால் கூட்டுப்பட்டியலில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். மாற்றிய பின்னும் கோஹா என்ற நூலக மென்பொருளிலிருந்து எடுக்கும் மார்க் கோப்பின் (நூற்பதிவுகளுக்கான பொது வடிவம்) தலைப்பகுதியில், சுழியிலிருந்து எண்ணினால் ஒன்பதாம் இடத்தில் 'ஏ' என்ற சின்ன எழுத்து இருக்க வேண்டும். யூனிகோடு என்று அறிவிப்பது அதுதான். அங்கே வெற்றிடம் இருந்தால் வாங்கும் கணினி வேறு குறியீடு என்று எண்ணி, தமிழ் முழுவதையும் சிதைத்துவிடும்.

இன்னும் நுட்பமான பிழை கண்ணுக்கே தெரியாது. 'கொ' என்பதை ஒருவர் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டியிருப்பார், இன்னொருவரின் விசைப்பலகை இரண்டையும் ஒரே குறியாகச் சேர்த்திருக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கணினிக்கு வேறு வேறு. 'ஔ' உயிர்மெய்யில் வரும் குறிக்குப் பதிலாக ளகரத்தையே தட்டிவிடுவது இன்னொன்று. 'ஸ்ரீ'யை இரண்டு விதமாக எழுத யூனிகோடில் இடமிருக்கிறது, ஒன்று ஸகரத்தில் தொடங்கும், மற்றது ஶகரத்தில். ஸ்ரீரங்கம் கோயில் பற்றிய நூல் அலமாரியில் இருக்கும், பட்டியலில் இருக்கும், தேடினால் மட்டும் வராது. கோப்பை அனுப்பும் முன் இந்த மூன்றையும் தேடி ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள். இருபதாயிரம் பதிவுள்ள கோப்பு என்றாலும் ஒரு மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். பிறகு திருத்திய கோப்பை ஏற்றி, உங்கள் அலமாரியில் இருக்கிறது என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த பத்துத் தமிழ் நூல்களின் பெயரை, வேறொரு ஊரில் இருக்கும் நூலகர் ஒருவரைத் தட்டித் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.